பொருநைக் கரைச் சொற்கள் – 9: காசும் கேஷும்

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு பலசரக்குக் கடை. சாயங்காலக் கூட்டம். கல்லாவில் உட்கார்ந்திருந்த பையன், முன்னால் நின்ற ஆச்சியிடம், "கேஷா, ஜிபேயா ஆச்சி?" என்று கேட்டான். ஆச்சி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "அந்தக் கேசெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. காசுதான் இருக்கு. எண்ணிக்கோ" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான் ஆச்சி" என்று சொல்லிவிட்டு அவன் சில்லறையை எண்ண ஆரம்பித்தான்.

ரெண்டும் ஒண்ணுதானா? அடுத்த ஆளாக நின்ற எனக்கு, வாங்கவந்த சரக்கே மறந்துவிட்டது.

சென்ற இதழில் கட்டுமரம் 'கேட்டமரன்' ஆகி உலகக் கடல்களுக்குப் போன கதையைப் பார்த்தோம். அது நேர்வழிப் பயணம். நம் கரையில் புறப்பட்டது, அவர்கள் அகராதியில் ஏறியது. இந்த வாரச் சொல்லின் வழி அவ்வளவு நேரானதல்ல. 'காசிலிருந்துதான் கேஷ் வந்தது' என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். கை தட்டியும் இருக்கிறோம். அதில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க, நம் ஆற்றங்கரையிலிருந்தே தொடங்குவோம்.

முதல் கெடாத 290 காசு

தாமிரபரணியின் வடகரையில் இருக்கிறது அம்பாசமுத்திரம். அதன் பழைய பெயர் இளங்கோக்குடி. அடங்கியிருந்த நாடு முள்ளிநாடு. அங்கே எரிச்சாவுடையார் கோயிலில் பாண்டியன் வரகுணனின் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 1,100 முதல் 1,200 ஆண்டுகளுக்கு முந்தையது. மன்னன் அப்போது தொண்டைநாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தான். அங்கிருந்தபடி, தன் நாட்டின் தென்கோடி ஆற்றங்கரைக் கோயிலுக்கு 290 காசு கொடுத்தான்.

கொடுத்த விதம்தான் கவனிக்க வேண்டியது. காசு கோயில் பண்டாரத்தில் பூட்டிவைக்கப்படவில்லை. இளங்கோக்குடிச் சபையார் கையில் ஒப்படைக்கப்பட்டது. முதலைத் தொடக்கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வீதம் சபையார் கோயிலுக்கு அளக்க வேண்டும். 290 காசுக்கு 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு இறைவனுக்கு நாள்தோறும் அமுது. அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வரை இன்னது இவ்வளவு என்று கணக்கு.

ஒரு காசு அந்தக் காலத்தில் எவ்வளவு பெறும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை இல்லை. ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல்லை ஈனக்கூடிய பொருள் அது. அப்படி ஈன்ற வட்டிக்குப் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'பொலி'. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்கும் நம் சம்சாரிகள் சொல்லும் பெயர் அதுவே. காசு போட்டால் நெல் பொலியும் என்று நம்பிய ஊர் இது. ஆறு வற்றாது என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படி ஒரு கணக்கைக் கல்லில் வெட்டியிருக்க முடியாது.

நாணயத்துக்கு முந்திய காசு

ஆனால் காசு என்ற சொல் நாணயத்தோடு பிறந்ததல்ல. பழந்தமிழில் அது மணிக்கும் பெயர். நூலில் கோத்து அணியும் பொன்மணி, பளிங்குமணி எல்லாம் காசுதான். குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி காட்டுகிறார். கிளியின் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம். அதைப் பார்த்தால், புது நூலில் பொற்காசைக் கோப்பவனின் கூரிய நகத்தில் பிடிபட்ட காசு போல இருக்கிறதாம். நம் வீட்டுக் கல்யாணங்களில் கழுத்தில் தவழும் காசுமாலையின் தலைமுறை அங்கே தொடங்குகிறது. காசு முதலில் கழுத்துக்கு உரியது. கடைக்கு அப்புறம்தான் போனது.

பள்ளியில் யாப்பு படித்தவர்களுக்கு இன்னொரு காசும் நினைவிருக்கும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும். 1,330 குறளும் அந்த நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்கின்றன.

குறள் என்றதும் காசுக்கு உறவான மற்றொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். 'உழவு' அதிகாரத்தில், ஒரு பலம் புழுதியைக் கால் பலமாகும்வரை காயவிட்டால் பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்கிறார் வள்ளுவர். கால் பலத்துக்கு அவர் வைத்த சொல் 'கஃசு'. வடமொழியில் 'கர்ஷம்' என்று ஓர் எடை உண்டு. அதுவும் பலத்தில் கால் பங்கு. பொன்னும் வெள்ளியும் நிறுக்கப் பயன்பட்ட அந்த எடையிலிருந்துதான் காசு பிறந்தது என்பது ஒரு சாரார் கருத்து. மணி என்ற பழம்பொருளையும், தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் சொல் வேரோடி நிற்பதையும் காட்டி, அது திராவிடச் சொல்லே என்பது மறு சாரார் கருத்து. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று உறுதி: போர்த்துகீசியக் கப்பல் எதுவும் நம் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காசு இங்கே புழங்கிய சொல்.

நிறை குறையாத காசு

புழங்கினால் தேயும். தேய்ந்தால் மதிப்புக் குறையும். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு கொடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. அப்பரின் காசு கடையில் உடனே செல்லுபடியாயிற்று. சம்பந்தரின் காசுக்கு வணிகர்கள் 'வாசி' கேட்டார்கள். அதாவது தரக்குறைவுக்கு வட்டம் பிடித்தார்கள். வாசி தீர்த்து நல்ல காசு தர வேண்டும் என்று சம்பந்தர் பதிகம் பாடினார். கடவுள் கொடுத்த காசையும் உரைத்துப் பார்த்து வாங்கிய கடைத்தெருவை அந்தக் கதையில் பார்க்கலாம்.

இந்தப் பின்னணியில் திருச்செந்தூர்க் கல்வெட்டைப் படித்தால் அதன் ஒரு சொற்றொடர் துலங்கும். வரகுணன் அந்தக் கோயிலின் ஆண்டுச் செலவுக்காக 1,400 காசு கொடுத்தான். கொற்கை உட்படப் பல ஊர்களிடம் அது பகிர்ந்து ஒப்படைக்கப்பட்டது. வட்டி இங்கேயும் காசுக்கு இரண்டு கலம். கொடுத்தது என்ன காசு என்று கல்வெட்டு சொல்கிறது: 'நிறைகுறையாப் பழங்காசு'. எடை குறையாத பழைய காசு. பின்னால் யாரும் வாசி கேட்டுவிடக் கூடாது என்ற கவனம் அந்த ஒரு தொடரில் இருக்கிறது.

கல்லாவிலிருந்து கேஷ்

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். 'கேஷ்' என்றால் முதலில் பணம் அல்ல, பெட்டி. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸா', பிரெஞ்சில் 'கேஸ்' என்று ஆனது. வணிகர்கள் பணம் போட்டுவைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்று இரண்டு பொருளோடும் வந்தது. நாளடைவில் பெட்டி மறைந்து பணம் மட்டும் தங்கியது. அதே லத்தீன் வேரின் பிள்ளைகள்தான் பாட்டில் அடுக்கும் 'கேஸ்', மருந்து அடைத்த 'கேப்சூல்'.

பெட்டி எப்படிப் பணம் ஆகும் என்று யாரும் வியக்க வேண்டாம். நம் கடைகளில் நாமே அதைச் செய்துகொண்டிருக்கிறோம். கல்லா என்பது உருது வழியாக நமக்கு வந்த சொல். காசு போடும் பெட்டிக்குப் பெயர். ஆனால் "இன்னைக்குக் கல்லா எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டால், யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை. அன்றைய வசூலைத்தான் சொல்வார்கள். இத்தாலிய வணிகனின் 'காஸா' போன வழியில்தான் டவுன் கடைக் கல்லாவும் போகிறது.

ஆகவே, 'கேஷ் பேமென்ட்' என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கேஷ் நம் காசின் பிள்ளை இல்லை. அது லத்தீன் பெட்டியின் பிள்ளை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. ஏனென்றால் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' இருக்கிறது. எழுத்தும் உச்சரிப்பும் அதே. பிறப்பு மட்டும் வேறு. அந்த இரண்டாவது கேஷ்தான் நம்முடையது.

கடலில் கலந்த இரண்டு ஒலிகள்

நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைத்தவர்கள் போர்த்துகீசியர். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அவர்களோடு உடன்பாடு கண்ட பிறகு, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அவர்களுடைய முக்கியத் துறையானது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கி அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, போர்த்துகீசியத்தில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. முத்துச் சலாபத்தில் சிப்பி விற்பதும் கூலி கொடுப்பதும் எல்லாம் காசுக் கணக்கு. தென்னிந்தியக் கரைகளில் எங்கே இறங்கினாலும் அவர்கள் காதில் விழுந்த சொல் அது.

காசு அவர்கள் வாயில் 'கைஷா' ஆனது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் மொழியில் 'கைஷா' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, பொருள், பெட்டி. லத்தீன் காப்ஸாவின் போர்த்துகீசியப் பிள்ளை அது. புதிதாகக் கேட்ட தமிழ்ச் சொல், தெரிந்த சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டது. நாணயத்துக்கும் கைஷா, பெட்டிக்கும் கைஷா. ஆங்கிலேயர் வந்து இதைக் கேட்டார்கள். அவர்களிடமும் ஒரு 'கேஷ்' தயாராக இருந்தது. நம் காசு அதே எழுத்தில் அவர்கள் கணக்கேட்டில் ஏறியது.

சொல் இத்தோடு நிற்கவில்லை. 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், கீழைக்கடல் நாடுகளில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயங்கள் சரம் சரமாகப் புழங்குவதைப் பார்த்தார்கள். சீனர்கள் அதை 'வென்' என்றார்கள். போர்த்துகீசியருக்கோ சின்னச் செப்பு நாணயம் என்றாலே கைஷா. ஆங்கிலத்திலும் அது 'சைனீஸ் கேஷ்' ஆயிற்று. இன்றைக்கும் உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்கள் சீனாவின் ஓட்டை நாணயத்தை 'கேஷ்' என்றுதான் அழைக்கிறார்கள். சீனர் அறியாத பெயர். தமிழர் கொடுத்த பெயர். பழையகாயல் மணலில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பீங்கான் வந்த கடல்வழியில், எதிர்த் திசையில் நம் சொல் போயிருக்கிறது.

கர்னல் யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886-ல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இந்தக் கேஷைக் காசோடு தொடர்புபடுத்தித் தனிப் பதிவாகத் தருகிறது. நல்ல ஆங்கில அகராதிகள் இன்றும் இரண்டு கேஷையும் இரண்டு சொல்லாகவே பிரித்து வைத்திருக்கின்றன.

ஒரு செப்பு வட்டில் இரண்டு வரலாறு

1801-ல் கர்நாடக நவாபிடமிருந்து திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு முழுதாக வந்தது. சென்னையில் கம்பெனியின் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. ஆங்கிலக் கணக்கேட்டில் வராகன் 'பகோடா', பணம் 'ஃபனம்', காசு 'கேஷ்'.

அந்தக் காலத்து இருபது காசு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல அகலமான செப்பு வட்டு. ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரை: கேடயம், இருபுறமும் கொடி பிடித்த சிங்கங்கள், சுற்றிலும் லத்தீன் வாசகம், 1808 என்ற ஆண்டு. மறுபக்கம் திருப்பினால் மேலே பாரசீக எழுத்து, கீழே ரோமன் எண்ணில் இருபது, அதனருகே ஆங்கிலத்தில் 'கேஷ்'. பாரசீக வாசகத்தை எழுத்துக்கூட்டினால் 'பிஸ்த் காஸ்' என்று தொடங்கும். 'இருபது காசு' என்று பொருள். அச்சடித்த ஆங்கிலேயன் படித்தால் கேஷ். நவாபின் முன்ஷி படித்தால் காஸ். அதை வாங்கி மடியில் முடிந்த சம்சாரிக்குப் படிக்கவே வேண்டாம், அது காசு. நான்கு சேர்ந்தால் ஒரு பணம்.

இந்த நாணயம் அடிக்கப்பட்டது சென்னையில் அல்ல. இங்கிலாந்தில், பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ ஆலையில், நீராவி எந்திரத்தால். டன் கணக்கில் அடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில், 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் சென்னைக்கு இந்தக் காசுகளைச் சுமந்து புறப்பட்டது. இங்கிலாந்துக் கரையை விட்டு அகலுவதற்குள் புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை அள்ளி எடுத்தார்கள். நம் கடைத்தெருவுக்கு வரவேண்டிய காசு, 170 ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலக் கடலடியில் கிடந்தது.

கம்பெனி 1818-ல் சென்னை மாகாணத்துக் கணக்கை வராகனிலிருந்து ரூபாய்க்கு மாற்றியது. காசு என்ற பெயர் அரசு நாணயத்திலிருந்து மெல்ல விலகியது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1845-ல் ஊரை விற்கும்வரை 'காஸ்' என்று பொறித்த செப்பு நாணயங்களை வெளியிட்டுவந்தார்கள்.

செங்கோட்டைக்குப் போனால் காசு

ஆனால் பொதிகை அடிவாரத்தில் காசு இன்னும் நூறாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருநெல்வேலியோடு இல்லை. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. சமஸ்தானத்துக் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். ரூபாய்க்கு 448 காசு. தென்காசியில் அணா, பைசா. அங்கிருந்து சில மைல் மேற்கே போனால் சக்கரம், காசு. சந்தைக்குப் போகிறவன் இரண்டு கணக்கும் மனதில் வைத்திருக்க வேண்டும். திருவிதாங்கூர்ச் செப்பு நாணயங்களில் சங்கு முத்திரை இருக்கும். மதிப்பு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இருக்கும். 1949 வரை அவை அடிக்கப்பட்டன. உலகில் அரசு நாணயம் ஒன்றில் தமிழ்க் காசு கேஷ் என்று நின்ற கடைசி இடங்களில் நம் மலையடிவாரமும் ஒன்று.

ஒலியால் மயக்கும் சொற்கள்

ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்தக் குடும்பத்தைச் சுற்றியே சான்றுகள் இருக்கின்றன. 'கேஷியர்' பெட்டியின் வழி வந்தவர். ஆனால் ராணுவ அதிகாரியைப் பதவி பறித்து விரட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றே ஒரு வினை உண்டு. அது 'செல்லாததாக்கு' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாம் அண்டிப்பருப்பு என்கிற 'கேஷ்யூ' பிரேசில் பழங்குடியினரின் 'அகாஜு'. 'கேஷ்மியர்' கம்பளி காஷ்மீரம். பாஞ்சாலங்குறிச்சியில் கம்பெனி கேட்டு, கட்டபொம்மனோடு மோதக் காரணமாயிருந்த கப்பத்துக்கு ஆவணங்களில் 'பேஷ்கஷ்' என்று பெயர். அதிலுள்ள 'கஷ்' பாரசீகம். முழுச் சொல்லுக்கும் முன்னால் கொண்டுவந்து வைப்பது என்று பொருள். காசுக்கும் அதற்கும் சொல் உறவு கிடையாது.

நம் ஊர்ப் பேச்சில் காசைவிட அதிகம் புழங்கும் 'துட்டு'க்கும் இதே வழக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் 1658 முதல் கோலோச்சிய டச்சுக்காரர்களின் செப்பு நாணயம் 'டொய்ட்'. அதுவே துட்டு ஆயிற்று என்பார்கள். டச்சுக்காரர் கால் வைக்காத கன்னட உள்நாட்டிலும் 'துட்டு' வேரோடியிருப்பதை மறந்து அதைச் சொல்லக் கூடாது. கேஷ் நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுதான்: ஒலியைக் கேட்டதும் உறவு கொண்டாடாமல், சொல் வந்த வழியை ஊர் ஊராகக் கேட்டுப் போக வேண்டும்.

அப்படிக் கேட்டுப் போனால் கிடைப்பது, மேடையில் கை தட்டிய பெருமையைவிடப் பெரிது. கேஷ் காசிலிருந்து வந்தது என்று மொத்தமாக உரிமை கொண்டாடினால் ஒரு வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். வந்த வழியைப் பார்த்தாலோ, அம்பாசமுத்திரத்து நெல்லும், புன்னைக்காயல் முத்தும், மலாக்காச் சரமும், குட்வின் மணலும் அந்தச் சிறு சொல்லுக்குள் இருப்பது தெரிகிறது.

1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தபோது, அரசு வைத்த பெயர் நயா பைசா. நம் ஜனங்கள் பத்துக் காசு, இருபது காசு என்றே சொன்னார்கள். 2011-ல் 25 காசும் செல்லாமல் போயிற்று. ஆனால் வங்கிக்குப் போனால் 'கேஷியர்' உட்காருமிடத்தில் 'காசாளர்' என்று பலகை. 'செக்' நமக்குக் 'காசோலை'. லத்தீன் பெட்டி வழியாக வந்த கேஷியரின் மேல், தமிழ் தன் சொந்தச் சொல்லை எழுதிவைத்திருக்கிறது. நானூறு ஆண்டுக்கும் முன்பே போர்த்துகீசியன் நம் சொல்லுக்குத் தன் சட்டையை மாட்டினான். இப்போது நாம் ஐரோப்பியர் சொல்லுக்கு நம் சட்டையை மாட்டியிருக்கிறோம்.

டவுன் கடைப் பையன் சில்லறையை எண்ணி முடித்து, ஆச்சியின் கையில் மீதியைக் கொடுத்தான். ஒரு ரூபாய் நாணயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது தேஞ்சுபோச்சு. வேற குடுய்யா" என்றார் ஆச்சி. நிறை குறையாக் காசு வேண்டும் என்று வரகுணன் கல்லில் வெட்டியதைத்தான் ஆச்சி கடை வாசலில் நின்று கேட்டார்.

*அடுத்த இதழில்: வரி 'சேகரித்தவர்' எப்படி ஜில்லாவின் 'கலெக்டர்' ஆனார்?*